நாஞ்சாரம்மாவின் கன்னம்

தெனாலியில் எங்கள் பட்டறையிலிருந்து வெளியே போகும் சிலை எதுவும் கோபப்படாது. காலமான எம்.எல்.ஏ., கல்லூரி கட்டிய பெரிய மனிதர், சர்க்கரை ஆலைத் தலைவர், யாராக இருந்தாலும் கன்னம் உப்பியிருக்க வேண்டும், முடி கறுப்பாக இருக்க வேண்டும், உதட்டில் அரைச் சிரிப்பு வேண்டும். உயிரோடு இருந்த காலத்தில் எதிரே வந்தவர்களையெல்லாம் கடித்துக் குதறியவராக இருந்தாலும் ஃபைபரில் வார்த்துவிட்டால் பசு. உடம்பை என் கணவர் பூர்ணாவும் அவருடைய ஆட்களும் பார்த்துக்கொள்வார்கள். முகமும் வர்ணமும் என் வேலை. கல்யாணமாகி வந்ததிலிருந்து நல்லவர்களாகவே செய்து செய்து என் கை கெட்டுப்போயிருந்தது. நாஞ்சாரம்மா வந்து சேரும்வரை அது எனக்கே தெரியாது.

நாஞ்சாரம்மா வந்தது மினி லாரியில், வைக்கோல் மேல் மல்லாந்து. ரங்கமகால் தியேட்டரை இடித்து மூன்று திரையாகக் கட்டும்போது, ஜேசிபிக்காரன் வாசல் முகப்போடு சேர்த்து அவளையும் தள்ளிவிட்டான். வலது கை முழங்கைக்குக் கீழே காணோம். மூக்கும் வாயும் தாடையும் பொடி. பச்சைப் புடவை வெடித்து உள்ளேயிருந்த சணலும் பிளாஸ்டரும் குடல் போலத் தொங்கின. மிச்சமிருந்த இடது கன்னத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி. அதற்கு மட்டும் ஜேசிபியைக் குறை சொல்ல முடியாது. அது இந்த ஊர்ப் பெண்கள் அடித்து அடித்து உண்டாக்கியது.

மருமகளைப் படாத பாடு படுத்தும் மாமியார்தான் நாஞ்சாரம்மா. அந்தப் படம் ரங்கமகாலில் வெள்ளிவிழா ஓடியபோது பழைய முதலாளி அவளை ஆளுயரத்துக்குச் செய்து வாசலில் நிறுத்தினார். படம் விட்டு அழுத கண்ணோடு வெளியே வந்த பெண்கள் ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டுப் போனார்கள். படம் போன பிறகும் பழக்கம் போகவில்லை. புதிதாகக் கல்யாணமான பெண்ணை முதல் சினிமாவுக்கு அழைத்து வந்தால், டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் நாஞ்சாரம்மா கன்னத்தில் ஒரு அறை விடச் சொல்வார்கள். விட்டால் வாய்த்த மாமியார் மெத்தென்று ஆகிவிடுவாளாம். நானும் விட்டிருக்கிறேன். என் கையைப் பிடித்து அழைத்துப் போய், "இன்னும் பலமா, இன்னும் பலமா" என்று பக்கத்தில் நின்று ஏற்றிவிட்டவர் என் மாமியார் சேஷரத்னம். அந்தப் படத்தில் நாஞ்சாரம்மாவாக நடித்தவரும் அவர்தான்.

லாரிக்குப் பின்னாலேயே காரில் வந்தான் கிரிதர். பழைய முதலாளியின் பேரன், ஹைதராபாத்தில் படித்துவிட்டு வந்தவன்.

"உங்க வீட்டு ஆளுதானே அக்கா, அதனாலதான் வேற எங்கயும் போகாம இங்க கொண்டுவந்தேன். தசராவுக்குத் திறப்பு. அதுக்குள்ள எழுப்பி நிக்க வெச்சிடுங்க. ஒரே ஒரு வேண்டுகோள். இந்தத் தடவை சிரிச்ச முகமா பண்ணிடுங்க. ரெண்டு கையும் கூப்பி வாங்க வாங்கன்னு நிக்கட்டும். ஃபேமிலியோட வர்ற இடம்."

"நாஞ்சாரம்மா கை கூப்பினா பூகம்பம் வரும் தம்பி."

"வந்தா வரட்டும்க்கா, ஊரு புதுசா பேசும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரோடு அத்தய்யா பட்டறைக்கு வந்தார். மாமியாரை நாங்கள் அத்தய்யா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் அத்தய்யா எப்படிப்பட்டவர் என்றால், பால்காரர் தண்ணீர் கலந்து ஊற்றினால், "பாவம், மாட்டுக்கு தாகம் ஜாஸ்தியா இருந்திருக்கும்" என்பார். அடுப்படியில் பூனை மீனைத் தூக்கினால் "முள்ளு இருக்கு, பாத்து" என்பார். இவரா அந்த வேஷம் போட்டார் என்று கேட்காத ஆள் இல்லை. நாடகக் கம்பெனியில் நடித்துக்கொண்டிருந்த அவரை ஒரு டைரக்டர் பார்த்து அழைத்துப் போனார். ஒரே ஒரு படம். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. சினிமா அப்படித்தான்.

ஆனால் அந்த ஒரு படம் செய்த வேலை கொஞ்சநஞ்சமில்லை. பூர்ணாவுக்குப் பெண் தேடியபோது குண்டூர், கிருஷ்ணா இரண்டு ஜில்லாவிலும் ஒருவரும் பெண் கொடுக்கவில்லை. "நாஞ்சாரம்மா வீட்டுக்கா? பொண்ணைக் கிணத்துல தள்ளுறதுக்கு அவ்வளவு தூரம் எதுக்குப் போகணும்?" என்று ஒரு பெரியவர் முகத்துக்கு நேராகவே கேட்டாராம். கடைசியில் வடகோடியில், ஸ்ரீகாகுளம் ஜில்லா பலாசாவிலிருந்து என்னைக் கொண்டுவந்தார்கள். எங்கள் ஊரில் அந்தப் படம் மூன்று நாளில் பெட்டி திரும்பிவிட்டது. என் யோகம்.

அத்தய்யா கேரியரைக் கீழே வைத்துவிட்டு வைக்கோல் பக்கத்தில் உட்கார்ந்தார். உடைந்து கிடந்த தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்தக் குழியை அடைக்கட்டுமா, வேணாமா?" என்று கேட்டேன். உள்ளுக்குள் எனக்கு ஆத்திரம்தான். எத்தனை பேர் கை பட்ட இடம். ஒருவேளை அதை விருது மாதிரி வைத்துக்கொள்ள நினைப்பாரோ என்றும் தோன்றியது.

"அடைச்சிடு அம்மாயி. அடைக்காட்டி அடுத்தவ எங்க அடிப்பா?"

அம்மாயி என்றால் பெண்ணே. இத்தனை வயதிலும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். கிரிதர் கேட்ட சிரிப்பைப் பற்றிச் சொன்னேன். அத்தய்யா கேரியரைத் திறந்து, கோங்குரா துவையலையும் சோற்றையும் எடுத்து வைத்து, பிறகுதான் பேசினார்.

"சிரிச்சா அது நாஞ்சாரம்மா இல்ல. படக் கம்பெனி மூழ்கினப்ப படத்தோட பிரிண்டும் போச்சு. போன்ல தேடினா ஹீரோவும் ஹீரோயினும் வாழைத்தோப்புல ஓடுற பாட்டு ஒண்ணு கிடைக்குது, அதுல நான் இல்ல. நான் நடிச்சேங்கறதுக்கு இவ ஒருத்திதான் சாட்சி. இவளைப் பாத்து ஒருத்தியாவது பயப்படணும். பயப்படலேன்னா நான் நடிக்கவே இல்லேன்னு ஆயிடும்."

அத்தய்யா இதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை. புடவை எடுத்துக் கொடுத்தால்கூட இருக்கிறதே என்பார். இதைக் கேட்டார்.

"பயமுறுத்திடலாம் அத்தய்யா" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

எங்கள் வழி இதுதான். முகத்தைக் களிமண்ணில் பிடித்து, அச்செடுத்து, ஃபைபரில் வார்த்துப் பழைய உடம்பில் பொருத்துவோம். நான் களிமண்ணோடு உட்கார்ந்தேன். புருவத்தை நெரித்தேன், உதட்டை இறுக்கினேன், கன்னத்து எலும்பைத் தூக்கினேன். நன்றாகவே வந்திருக்கிறது என்று நினைத்தேன். அதற்குள் உடைந்த கையின் வேலையை யேசோபு அண்ணன் முடித்துவிட்டார். எங்கள் பட்டறையின் மூத்த ஆள் அவர், கேட்டுச் செய்கிற பழக்கம் கிடையாது. கொடிக்கம்பியில் கைகள் எப்போதும் வரிசையாகத் தொங்கும். ஆசீர்வாதக் கை, கோப்பு பிடித்த கை, தூரத்தைச் சுட்டிக் காட்டும் கை. அதிகம் விற்கிற கையை எடுத்து மாட்டி, மூட்டில் கண்ணாடியிழை மேட்டு வைத்து ரெசின் ஊற்றி, தேய்த்தே முடித்துவிட்டார்.

நாஞ்சாரம்மாவை நிறுத்திவைத்து அத்தய்யாவைக் கூப்பிட்டோம். அவர் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சுட்டுவிரல் காட்டிய திசையில், எதிரே இருந்த பஞ்சர் கடையை, ஒருமுறை திரும்பிப் பார்த்தார். களிமண் முகத்துக்குக் கிட்டே போய் உற்றுப் பார்த்தார்.

"எந்தத் தொகுதி?" என்றார்.

பூர்ணா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "எதிர்க்கட்சி டெபாசிட் காலி" என்றார் யேசோபு அண்ணன், தன் மேல்தான் தப்பு என்பது கொஞ்சமும் உறைக்காமல். நானும் சிரித்தேன். மறுபடி முகத்தைப் பார்த்தேன். கோபமாகச் செய்ததாக நினைத்த முகம், மனு கொடுக்க வந்தவர்களிடம் பரிசீலிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அத்தய்யாவும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். ஆனால் அன்று சாயங்காலம் பெசரட்டு தோசை வேண்டாம் என்றார், வயிறு மந்தமாக இருக்கிறதாம். எனக்குத் தெரியாதா என்ன, எது மந்தமாக இருக்கிறதென்று.

கலைத்துவிட்டுத் திரும்பச் செய்தேன். பல்லைக் கடிக்க வைத்தால் பல்வலிக்காரி மாதிரி இருந்தாள். கண்ணை உருட்டினால் கிராம தேவதை ஆகிவிட்டாள். பூர்ணா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மூக்கைச் சுளித்தால் சாக்கடை பக்கத்தில் நிற்கிறவள். அழுகையே வந்துவிட்டது எனக்கு. களிமண் தீயவளாக மாட்டேன் என்கிறதா, என் கை மாட்டேன் என்கிறதா?

கடைசியில் அத்தய்யாவிடமே போய் நின்றேன்.

"ஒருதடவ செஞ்சு காட்டுங்க."

"என்னத்தை?"

"நாஞ்சாரம்மாவை. என்னைத் திட்டுங்க. நான் பாத்துப் பாத்து மண்ணுல பிடிக்கறேன்."

"போடி, உன்னைப் போய் எப்படித் திட்டுவேன்? வாய் வராது."

"அப்ப கிரிதர் கேட்ட மாதிரி கை கூப்பி வெச்சிடறேன்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுந்து, புடவையை இழுத்துச் செருகினார். பட்டறைச் சாவிக்கொத்தை வாங்கி இடுப்பில் தொங்கவிட்டார். சுவர் பக்கம் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். சாவிக்கொத்து அசையாமல் தொங்கியது. யேசோபு அண்ணன் உப்புத்தாள் தேய்ப்பதை நிறுத்திவிட்டார்.

திரும்பியபோது அங்கே அத்தய்யா இல்லை.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. குழைவாக, மெதுவாக, "உள்ள வா மகாலட்சுமி. வாசப்படியிலயே நின்னா ஊரு என்னைத்தானே சொல்லும்" என்றார். சுற்றிச் சுற்றி வந்தார். என் காதுத் தோட்டைத் தொட்டு எடை பார்த்தார். என் அப்பாவை இழுத்தார். "முந்திரிக்கொட்டை விக்கிறவன் மகளையும் அப்படியே முன்னால துருத்திக்கிட்டு வளத்திருக்கான்" என்றார். குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. "அடுப்புல பாலை வெச்சிட்டு போனைப் பாத்துக்கிட்டு நிக்கறது. பொங்கி வழிஞ்சதும், ஐயோ அத்தய்யான்னு ஒரு கூப்பாடு. அத்தய்யா வந்து துடைக்கணும். மகாராணி பெத்த மக!"

அந்தப் படம் வந்த காலத்தில் கைபேசி ஏது? இது வசனத்தில் இல்லை. இது நான். வாரத்துக்கு இரண்டு தடவை அடுப்பில் பாலை வழியவிட்டிருக்கிறேன், அவர் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது சபையில் வைத்துச் சொல்கிறார். எதிர்ப் பேச்சு தொண்டை வரை வந்துவிட்டது.

அவர் என் முன்னால் வந்து நின்றார். வலது கையை நீட்டினார், உள்ளங்கை மேல்நோக்கி இருந்தது.

"கழட்டு."

"என்ன?"

"வளையலை."

நான் கழற்றினேன். களிமண் அப்பிய கையிலிருந்து, என் அம்மா போட்ட வளையலை, நடிப்பு என்று தெரிந்தும் கழற்றினேன். கண்ணீர் பொலபொலவென்று வந்தது. அந்த நேரத்தில் அவரை வெறுத்தேன், வேறு சொல்லுக்கு வழியில்லை. அந்த வெறுப்போடேயே களிமண்ணில் கை வைத்தேன். கை தானாகப் போனது. வாய் சிரிக்கும், கண் சிரிக்காது. இடது புருவம் மட்டும் ஒரு நூல் மேலே. அவ்வளவுதான் விஷயம், அதைத்தான் இத்தனை நாளும் தேடிக்கொண்டிருந்தேன். நீட்டிய அந்த உள்ளங்கைதான் காணாமல் போன கையும். யாருக்குமே ஞாபகம் இல்லாத கை. எல்லாரும் அவள் கன்னத்தைத்தானே பார்த்தார்கள்.

ஒரு தடவையில் முடிகிற வேலை இல்லை. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தய்யா வந்து என்னைத் திட்டினார், நான் மண்ணைப் பிசைந்தேன். அவருக்கு உடம்பே தேறிவிட்டது. இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார். எனக்குத்தான் தினம் புதிதாக ஒரு குறை தெரியவந்தது. துணி காயப்போடத் தெரியாதாம். கத்தரிக்காய்க் காம்போடு பாதிக் காயையும் சேர்த்து வெட்டி எறிகிறேனாம்.

எதிர்வீட்டில் தையல் கடை வைத்திருக்கும் மாணிக்யம் இதையெல்லாம் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்ன தெரியும்? "இத்தனை வருஷம் மறைச்சு வெச்சிருந்த குணம் இப்ப வெளிய வருது" என்று தெருவுக்கே சொல்லிவிட்டு, குண்டூர் மிளகாய் யார்டில் கமிஷன் மண்டி வைத்திருக்கும் என் அண்ணன் சிம்ஹாசலத்துக்கும் போன் போட்டுவிட்டாள். அவன் மண்டியை அப்படியே போட்டுவிட்டு, மிளகாய் நெடியோடு வந்து இறங்கினான். வந்த நேரம் பார்த்து நான் வளையலைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"மச்சான்! இதைப் பாத்துக்கிட்டு நிக்கறீங்களா நீங்க?" என்று பூர்ணாவின் சட்டையைப் பிடித்தான். "தங்கச்சிக்கு ஆள் இல்லேன்னு நெனச்சீங்களா? சிரீஷா, நீ கிளம்பு!"

பூர்ணாவுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கழுத்தில் பிடி ஒரு பக்கம். நான், "அண்ணா, அண்ணா, இரு" என்று ஓடினேன். அத்தய்யா நாஞ்சாரம்மாவை விட்டு இறங்கினால்தானே? நீட்டிய கையை மெதுவாக அண்ணன் பக்கம் திருப்பினார்.

"வந்தியாப்பா. கைய வீசிக்கிட்டா வந்தே? தங்கச்சி வீட்டுக்கு வெறுங்கையோட வர்றதுதான் உங்க ஊர் வழக்கமா?"

சிம்ஹாசலம் லேசுப்பட்டவன் இல்லை. யார்டில் மூட்டைக்காரர்களை அதட்டி வேலை வாங்குகிறவன். அவன் பூர்ணாவின் சட்டையை விட்டான். பின்னால் நகர்ந்தான். நகர்ந்த கால், சிலையில் பூசக் குழைத்து வைத்திருந்த புட்டி வாளிக்குள் போய்விட்டது.

"இல்லீங்க... அவசரத்துல கிளம்பினேன்... ஸ்வீட் வாங்கணும்னுதான்..." என்றான்.

அதற்கு மேல் அத்தய்யாவால் தாங்க முடியவில்லை. இருந்த பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். களிமண் முகத்தைக் காட்டி நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் யேசோபு அண்ணன் புட்டி இறுகும் முன்னே அவன் காலை வாளியிலிருந்து பிடுங்கி எடுத்தார். அன்று அண்ணனுக்கு அத்தய்யா கையாலேயே பெசரட்டும் உப்புமாவும். அவன் தின்றான், ஆனால் கிளம்பும்போது என்னைத் தனியாக அழைத்து, "நெஜத்தைச் சொல்லு. பயப்படாம சொல்லு" என்றான். பலாசாக்காரனுக்குச் சந்தேகம் எளிதில் போகாது.

அவன் போன பிறகு கேட்டேன். "அந்தப் பால் பொங்கின கதை படத்துல வருதா அத்தய்யா?"

"டைரக்டர் சொல்லுவாரு, சொந்தமா ஒண்ணு ரெண்டு சேத்துக்கோன்னு" என்றார், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

எனக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு பெரிய சாமர்த்தியத்தை வைத்துக்கொண்டு இந்த மனுஷி இத்தனை வருடம் எங்களுக்குக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாரே என்றுதான் இருந்தது. அவரைக் கட்டிக்கொண்டேன். "மண்ணு, மண்ணு, புடவையெல்லாம் மண்ணு" என்று தள்ளிவிட்டார்.

முகத்தை வார்த்துப் பொருத்தினேன். இடது கன்னத்துக்கு மட்டும் மேட்டு இரண்டு மடங்கு வைத்தேன். புடவைக்கு அதே கிளிப்பச்சை, மஞ்சள் கரை. யேசோபு அண்ணன் புதிதாக ஒரு கை செய்தார். அத்தய்யாவின் உள்ளங்கையை அரை மணி நேரம் பிடித்துவைத்துப் பார்த்து, ரேகை உட்பட.

கிரிதர் பார்க்க வந்தான். துணியை விலக்கினேன். அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். வெளியே கிடந்த சட்டையை உள்ளே விட்டுக்கொண்டான். ஏன் அப்படிச் செய்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"சிரிக்கலையே அக்கா" என்றான்.

"நல்லா பாரு. சிரிக்கறா."

"அதுதான் பயமா இருக்கு. குழந்தைங்க அழுமே."

"அதுக்குத்தானே உங்க தாத்தா வெச்சாரு. சிரிச்ச முகம் வேணும்னா எங்ககிட்ட எம்.எல்.ஏ. நிறைய இருக்காங்க, ஒண்ணு தூக்கிட்டுப் போ."

தலையைச் சொறிந்தான். கடைசியில் எடுத்துக்கொண்டான். ஆனால் சுற்றிக் கயிறு கட்டி, தொடக்கூடாது என்று பலகை வைத்துவிட்டான். புதுத் தியேட்டராம், பழைய அடிதடியெல்லாம் கூடாதாம்.

தசராவில் திறப்பு. அத்தய்யா கல்யாணத்துக்குப் போகிற மாதிரி தலைநிறையப் பூ வைத்துக்கொண்டார். டிக்கெட் எங்களுக்கு இருந்தது, ஆனால் அவர் உள்ளே வரமாட்டேன் என்றார். நாஞ்சாரம்மாவுக்கு எதிரே தூண் ஓரத்தில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். கூட்டம் வந்தது. பிள்ளைகள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நீட்டிய உள்ளங்கையில் ஒரு பையன் சோளப்பொரி வைத்துவிட்டுப் போனான். கல்யாணக் கோலம் கலையாத ஒரு பெண் வந்தாள். அத்தய்யா பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டார். அந்தப் பெண் பலகையைப் படித்தாள், கணவனோடு சேர்ந்து படம் எடுத்தாள், போய்விட்டாள்.

"யாருன்னே தெரியல இவங்களுக்கு" என்றார் அத்தய்யா. "போகட்டும். நீ நல்லாத்தான் செஞ்சே. குறை உன்மேல இல்ல."

என்னைத் தேற்றுகிறார். எனக்கு அந்தக் கயிற்றைப் போய் அறுக்க வேண்டும் போல இருந்தது. படம் ஆரம்பிக்கிற மணி அடித்தது. வாசல் காலியானது.

அப்போது ஒரு பெண் அரக்கப்பரக்க வந்தாள். முப்பது வயதிருக்கும். ஒரு கையில் ஹெல்மெட், கழுத்தில் ஆபீஸ் அட்டை, காதில் போன், ஒரே சிரிப்பு. "ஆபீஸ்ல ஆடிட்டிங்னு சொல்லிட்டு வந்துட்டேன்டி! அந்தம்மாவுக்கு என்ன தெரியப் போகுது..." என்று சொல்லிக்கொண்டே தூணைச் சுற்றித் திரும்பினாள். நேர் எதிரே நாஞ்சாரம்மா.

சிரிப்பு பாதியில் நின்றது. துப்பட்டாவை இழுத்துத் தோளில் சரியாகப் போட்டாள். போனில் குரலைத் தாழ்த்தி, "வெச்சிடறேன், அத்தய்யா இருக்காங்க" என்றாள். வெட்டினாள். தலையைக் குனிந்து நின்றாள்.

என் கையை அத்தய்யா இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பெண் மெல்ல நிமிர்ந்தாள். சோளப்பொரியைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். "அடச்சீ! உசிரே போச்சு எனக்கு!" என்றாள். சுற்றும் முற்றும் ஒரு பார்வை. தூண் மறைவில் எங்களைக் கவனிக்கவில்லை. கயிற்றைத் தாண்டிப் போய் நாஞ்சாரம்மாவின் இடது கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டாள். சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

"அடிச்சுட்டா" என்றார் அத்தய்யா. கண் இரண்டும் நிறைந்து வழிந்தன. துடைக்கக்கூட இல்லை. எழுந்து அவளிடம் போனார், நான் பின்னாலேயே போனேன். அவள் வெட்கப்பட்டுக் கையை உதறிக்கொண்டாள்.

"ஸாரி ஆன்ட்டி. பாக்காதீங்க. அப்படியே எங்க மாமியார் நிக்கற மாதிரியே இருந்துச்சு."

"அது நான்தாம்மா" என்றார் அத்தய்யா. "நாஞ்சாரம்மாவா நடிச்சது நான்தான்."

வெளி ஆளிடம் அவர் அதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்தப் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள். தலைநிறையப் பூ, ஓட்டைப் பல், ஈரக் கன்னம்.

"போங்க ஆன்ட்டி! உங்களைப் பாத்தா எறும்பு கூடப் பயப்படாது."

அத்தய்யா கண்ணில் மட்டும் சிரிப்பை நிறுத்தினார். இடது புருவத்தை ஒரு நூல் உயர்த்தி, உள்ளங்கையை நீட்டினார்.

அந்தப் பெண் ஓரடி பின்னால் போனாள். நானும்தான்.